மழையில் நின்று கிண்ணம் வாங்கிய சம்பியன்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க முடியாவிட்டால் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த வாரம் எமது வகுப்பில் இனஒதுக்கல் பற்றிப் பேச நேர்ந்தது. நெல்சன் மண்டேலா, ரொபன் தீவு, கறுப்பருக்குத் தனி வாங்கு, வெள்ளையருக்குத் தனி வாங்கு என்று சொல்லிக்கொண்டு போனோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் 1963இல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னோம். ஒரு கோல்ஃப் போட்டியில் முதலிடம் பெற்ற இந்திய வம்சாவளி வீரர், வெள்ளையர் கழகத்தின் கட்டடத்துக்குள் போக முடியாததால், கொட்டும் மழையில் வெளியே நின்று தன் வெற்றிக்கிண்ணத்தை வாங்கினார்.

பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் கை உயர்த்திக் கேட்டான். "சேர், வென்ற ஆளுக்குமா கதவு திறக்கல்ல?"

மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமலே வகுப்பை விட்டு வந்தோம். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. கடைசியில் எமது சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்வோம்.

அந்த வீரரின் பெயர் செவ்சங்கர் செவ்கோலம். ஊரார் அழைத்தது பாப்வா என்று. கோல்ஃப் வரலாற்றிலும் அந்தச் செல்லப் பெயரே நின்றுவிட்டது.

முதலில் கோல்ஃப் பற்றி இரண்டு வார்த்தை

எமது ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், உதைபந்தாட்டம், எல்லே தெரியும். கோல்ஃபைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார்கள். ஒரு சிறு பந்தை மட்டையால் அடித்து, தூரத்தில் இருக்கும் குழியில் விழுத்த வேண்டும். இப்படி 18 குழிகள். எல்லாக் குழிகளையும் மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே வெற்றியாளர். எதிராளி உங்கள் பந்தைத் தொடுவதில்லை. காற்று, புல், மணல், உங்கள் மனம் ஆகியவற்றோடுதான் போட்டி.

விளையாட்டு எளிது, செலவுதான் பெரிது. மைதானத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், புல்லைப் பராமரிக்க ஆட்கள் வேண்டும், பலவகை மட்டைகள் வேண்டும். ஆகவே பிரித்தானியர் ஆண்ட நாடுகளில் இது அதிகாரிகளினதும் துரைமாரினதும் விளையாட்டாகவே வளர்ந்தது. உள்ளூர் ஏழைக்கு அந்த மைதானத்தில் இருந்த இடம் ஒன்றுதான். துரையின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பது. அந்த வேலை செய்பவரைக் கெடி என்பார்கள்.

பாப்வாவும் அப்படி ஒரு கெடிப் பையன்தான்.

அவர்கள் அங்கே எப்படி வந்தார்கள்?

1860 நவம்பர் 16ஆம் திகதி ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. மதராஸிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலில் 342 பேர் இருந்தார்கள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய அழைத்து வரப்பட்டவர்கள். பத்து நாட்களில் கல்கத்தாவிலிருந்து அடுத்த கப்பல் வந்தது. 1911 வரை ஏறத்தாழ 152,000 பேர் இப்படி வந்து இறங்கினார்கள். எமது மலையகத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய அதே மதராஸ் மாகாணத்திலிருந்துதான் நேட்டாலுக்கும் தமிழர் போனார்கள். கல்கத்தாக் கப்பல்களில் வந்தவர்கள் வட இந்திய ஏழை விவசாயிகள். இரு வழியிலும் முஸ்லிம்களும் வந்தார்கள். இன்று டர்பனில் ஸியாரம் உள்ள பாதுஷா பீர் அந்த முதற் கப்பலிலேயே கூலியாக வந்தவர் என்பது அங்குள்ள மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி.

பின்னர் குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் சொந்தச் செலவில் வந்தார்கள். டர்பனின் கிரே வீதி ஜும்ஆ பள்ளிவாசலுக்கு 1881இல் அடித்தளமிட்டவர்கள் அவர்கள். காந்தி 1893இல் தென்னாபிரிக்கா போனதும் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் வழக்குக்காகத்தான்.

டர்பனுக்கு வடக்கே உம்கேனி ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றின் வடகரையில் இந்தியர் வாழ்ந்த பகுதிக்கு ரிவர்சைட் என்று பெயர். 1895இல் டர்பன் வந்த சூஃபி சாஹிப் பள்ளிவாசலும் மதரஸாவும் அமைத்தது இந்த ரிவர்சைட்டில்தான். பாப்வாவின் குடும்பமும் இதே ரிவர்சைட்டில்தான் வாழ்ந்தது. கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மதம் பாராமல் பக்கத்து பக்கத்து வீடுகளில் வாழ்ந்த இடம் அது.

அவருடைய பெயரிலேயே இந்த வரலாறு பதிந்திருக்கிறது. சிவசங்கர், சிவகுலாம் என்ற வட இந்தியப் பெயர்கள்தான் ஆங்கில எழுத்துக்கூட்டில் செவ்சங்கர், செவ்கோலம் என்று திரிந்தன. குலாம் என்றால் அடிமை, பணியாள் என்பது எமக்குத் தெரியும். இறைவனின் பணியாள் என்று பெற்றோர் வைத்த பெயர். எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதியதே பரம்பரைப் பெயராகிவிட்டது.

தலைகீழான பிடி

ரிவர்சைட்டுக்கு அருகில் பீச்வுட் என்ற கோல்ஃப் மைதானம் இருந்தது. வெள்ளையர்களுக்கானது. சிறுவன் பாப்வா அங்கே போய்ப் பை சுமந்தான். மட்டை வாங்கப் பணமில்லை. மரக்கிளையை வெட்டி மட்டையாக்கிக்கொண்டு பந்தடிக்கப் பழகினான். பாடசாலைக் கல்வி கிடைக்கவில்லை. எழுத வாசிக்கத் தெரியாதவராகவே கடைசிவரை வாழ்ந்தார்.

சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால் அவருடைய பிடி உலகத்தில் யாருக்கும் இல்லாத பிடியானது. கிரிக்கெட் மட்டையை நினைத்துப் பாருங்கள். வலக்கை மட்டையாளர் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்துப் பிடிப்பார். கோல்ஃபிலும் அதேதான். பாப்வா வலக்கைக்காரராக நின்றுகொண்டு, வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்துப் பிடித்தார். இன்று மாலை உங்கள் பிள்ளையின் கிரிக்கெட் மட்டையை வாங்கி அப்படிப் பிடித்து ஒரு பந்தை அடித்துப் பாருங்கள். கை பின்னிக்கொள்ளும். எந்தப் பயிற்றுநரும் முதல் நாளே திருத்தியிருப்பார். பாப்வாவைத் திருத்த ஒருவரும் வரவில்லை. அந்தப் பிடியோடுதான் அவர் உலக வீரர்களை வென்றார். பின்னாளில் கோல்ஃப் உலகில் அதற்குச் செவ்கோலம் பிடி என்றே பெயர் வந்தது.

சட்டம் எழுதிய சுவர்

பாப்வா வளர்ந்து இளைஞனாகும்போது நாடு மேலும் மூடுண்டது. 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாகப் பதிவு செய்தது. மற்றது குழுப் பிரதேசச் சட்டம். எந்த நிலத்தில் எந்த இனம் வாழலாம், தொழில் செய்யலாம், கூடலாம் என்பதை அது தீர்மானித்தது. ஆற்றங்கரை ரிவர்சைட்டும் பின்னர் இந்தச் சட்டத்தால் வெள்ளையர் பிரதேசமாக்கப்பட்டது. இந்தியக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. சூஃபி சாஹிபின் பள்ளிவாசல் மாத்திரம் இன்னும் அங்கே நிற்கிறது.

விளையாட்டிலும் இதே பிரிவுதான். வெள்ளையருக்கு ஒரு சம்பியன்ஷிப், மற்றவர்களுக்கு இன்னொரு சம்பியன்ஷிப். வெள்ளையர் அல்லாதோருக்கான போட்டிகளில் பாப்வா திரும்பத் திரும்ப வென்றார். ஆனால் பரிசுப் பணமும் பெயரும் இருந்தது மற்றப் பக்கத்தில்.

1959: ஒரே ஆண்டில் இரண்டு தென்னாபிரிக்கர்கள்

பீச்வுட்டில் பாப்வாவின் ஆட்டத்தைக் கவனித்தவர்களில் ஒருவர் கிரஹாம் வுல்ஃப். டர்பனைச் சேர்ந்த வெள்ளையர், இரசாயனவியலாளர். எமது கடைகளில் இன்றும் விற்கும் ஒலே முகக் கிறீமை முதலில் உருவாக்கியவர் இவர்தான். இந்த ஆட்டத்தை உலகம் பார்க்க வேண்டும் என்று நினைத்த அவர், 1959இல் பாப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அநியாயமான அமைப்புக்குள்ளும் நியாயமாக நடக்கும் தனிமனிதர்கள் இருப்பார்கள் என்பதை வரலாறு படிக்கும்போது மறக்கக் கூடாது.

அந்த ஆண்டு ஸ்கொட்லாந்தின் முயர்ஃபீல்ட் மைதானத்தில் நடந்த பிரித்தானிய ஓபனில் வென்றவர் கெரி பிளேயர். தென்னாபிரிக்க வெள்ளையர், அப்போது வயது 23. அது அவருடைய முதலாவது பெரிய பட்டம். அதே ஆண்டு ஒல்லாந்தில் நடந்த டச்சு ஓபனில் வென்றவர் பாப்வா செவ்கோலம்.

ஒரே நாட்டின் இரண்டு பேர், ஒரே கோடை காலம், இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்கள். ஊர் திரும்பியபோது ஒருவருக்கு நாட்டின் எல்லா மைதானங்களும் திறந்திருந்தன. மற்றவர் சொந்த ஊர்க் கழகத்தில் விளையாடவும் அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

ஒரு முறை வென்றதை அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் இருந்திருக்கலாம். 1960இல் மீண்டும் டச்சு ஓபனை வென்றார் பாப்வா. 1964இல் மூன்றாவது முறையும் வென்றார். 1963 பிரித்தானிய ஓபனில், உலகின் தலைசிறந்த வீரர்களுக்கு மத்தியில், 13ஆம் இடத்தைச் சமநிலையில் பகிர்ந்துகொண்டார். மரக்கிளையில் பழகிய, எழுத்தறிவில்லாத, தலைகீழாக மட்டை பிடிக்கும் ஒரு கெடியின் கணக்கு இது.

1963: அந்த மழை

டர்பன் கன்ட்ரி கிளப் 1922இல் தொடங்கப்பட்டது. கடலுக்கு அருகில் மணல்மேடுகளுக்கு இடையே அமைந்த, நாட்டின் மிகப் பெயர்பெற்ற மைதானங்களில் ஒன்று. 1963இல் நேட்டால் ஓபன் அங்கே நடந்தது. பாப்வாவுக்கு விளையாட அனுமதி கிடைத்தது.

எந்த அனுமதி என்பதைக் கவனிக்க வேண்டும். புல்லில் நடக்கலாம், பந்தை அடிக்கலாம், குழியில் விழுத்தலாம். கழகக் கட்டடத்துக்குள் போக முடியாது. மற்ற வீரர்கள் உள்ளே உடை மாற்றி, உள்ளே சாப்பிட்டு, உள்ளே இளைப்பாறினார்கள். இவருக்கு அந்த வசதி எதுவும் இல்லை.

இத்தனைக்கும் பாப்வா வென்றார். வெள்ளையர் நாட்டில், வெள்ளையர் மைதானத்தில், வெள்ளையருக்கென்று இருந்த ஒரு பெரிய போட்டியில் முதலிடம்.

பரிசளிப்பு நேரம் மழை பிடித்துக்கொண்டது. கழகத்தினரும் விருந்தினரும் கட்டடத்துக்குள் ஒதுங்கினார்கள். சம்பியன் வெளியே நின்றார். கிண்ணம் வெளியே கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. நனைந்த உடையோடு வாங்கிக்கொண்டார்.

இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. இந்தியர்கள் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவே கூடாது என்பதல்ல சட்டம். அன்றைய டர்பனில் வெள்ளையர் கழகங்களில் தட்டேந்திப் பரிமாறியவர்களில் பலர் இந்தியர்கள்தான். வேலைக்காரனாக உள்ளே போகலாம், விருந்தினனாகப் போக முடியாது. தட்டோடு போனால் கதவு திறக்கும், கிண்ணத்தோடு போனால் திறக்காது. இனஒதுக்கல் என்றால் என்ன என்று இனி எந்த மாணவன் கேட்டாலும் இதைத்தான் சொல்வோம்.

மழையில் கிண்ணம் வாங்கும் அந்தப் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. கடல் கடந்து போனது. இனஒதுக்கலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியும் அசையாத பலரை அந்த ஒரு படம் அசைத்தது. கோல்ஃப் பற்றி ஒன்றுமே அறியாதவருக்கும் அது புரிந்தது. வென்ற மனிதன் நனைகிறான், தோற்றவர்கள் நனையவில்லை.

அதே ஆண்டு தென்னாபிரிக்க ஓபனும் அதே மைதானத்தில் நடந்தது. பாப்வா அதில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் இரண்டாமிடம் பெற்றார்.

1965: வென்றதே குற்றமானது

இரண்டு ஆண்டுகள் கழித்து 1965இல் நேட்டால் ஓபன் மீண்டும் வந்தது. இம்முறை கெரி பிளேயரும் களத்தில் இருந்தார். அப்போது அவர் சாதாரண வீரர் அல்லர். பிரித்தானிய ஓபன், அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், அமெரிக்க பீஜிஏ ஆகிய மூன்றையும் வென்று முடித்தவர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க ஓபனையும் வென்று, நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற மிகச் சிலரில் ஒருவரானார்.

அப்படிப்பட்ட பிளேயர் விளையாடிய போட்டியில் பாப்வா முதலிடம் பெற்றார்.

ஆட்சியாளர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். வெள்ளையர் பிறவியிலேயே உயர்ந்தவர் என்ற நம்பிக்கையில்தான் முழு நாட்டையும் கட்டி வைத்திருந்தார்கள். உலகின் முதல்தர வெள்ளை வீரரை, பள்ளிக்கூடம் போகாத ஓர் இந்தியக் கெடி, தலைகீழ்ப் பிடியோடு, ஊர் பார்க்கத் தோற்கடித்தால் அந்த நம்பிக்கையை என்ன செய்வது? அவர்களுக்குத் தெரிந்த வழி, இனி அவரை விளையாட விடாமல் இருப்பதுதான்.

1966இல் அரசாங்கம் பாப்வாவுக்கு உள்நாட்டின் பெரிய போட்டிகளை மூடியது. கடவுச்சீட்டைப் பறித்தது. ஐரோப்பா போகும் வழியும் அடைபட்டது. பார்வையாளராகக்கூட மைதானங்களுக்குப் போக விடவில்லை. ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த ஒரு தொழில்முறை வீரரின் சோறு ஒரு கையொப்பத்தோடு நின்றது.

1978இல் பாப்வா மாரடைப்பால் இறந்தார். ஐம்பது வயதைத் தாண்டவில்லை. கையில் பணமும் இருக்கவில்லை.

கெரி பிளேயரைப் பற்றியும் நீதியாகச் சொல்ல வேண்டும். 1966இல் வெளிவந்த தன் நூலில் அவர் இனஒதுக்கல் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்தார். 1969இல் அமெரிக்காவில் ஒரு பெரிய போட்டியின்போது எதிர்ப்பாளர்கள் மைதானத்துக்குள்ளேயே அவருக்கு எதிர்ப்புக் காட்டினார்கள். பிற்காலத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார். 1971இல் அமெரிக்கக் கறுப்பின வீரர் லீ எல்டர் தென்னாபிரிக்காவில் வந்து விளையாட வழிசெய்தவரும் அவரே. மனிதர்கள் மாறுவதுண்டு. ஆனால் அவர்கள் மாறி முடிக்கும்வரை இன்னொருவருடைய வாழ்நாள் காத்திருக்காது.

தென்னாபிரிக்காவை மாத்திரம் குற்றம் சொல்லித் தப்பவும் முடியாது. அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பீஜிஏ, 1934 முதல் 1961 வரை வெள்ளை இனத்தவருக்கு மாத்திரமே உறுப்புரிமை என்று தன் யாப்பில் எழுதி வைத்திருந்தது. சார்லி சிஃபோர்ட் என்ற கறுப்பின வீரர் பல ஆண்டுகள் போராடிய பின்னர்தான் அந்த வாசகம் நீங்கியது. மாஸ்டர்ஸ் போட்டியில் ஒரு கறுப்பின வீரர், அதே லீ எல்டர், முதன்முதலாக விளையாடியது 1975இல்தான்.

படத்துக்குப் பின் நடந்தவை

பாப்வாவின் படம் தனியாக ஒன்றையும் சாதித்துவிடவில்லை. ஆனால் விளையாட்டுப் புறக்கணிப்பு இயக்கத்துக்கு அது ஒரு முகத்தைக் கொடுத்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாபிரிக்காவுக்கு இடமளிக்கப்படவில்லை. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே நீக்கப்பட்டது.

கிரிக்கெட் பிரியர்களுக்கு பசில் டி ஒலிவேராவின் கதை தெரிந்திருக்கும். கேப் டவுனில் கலப்பினத்தவராகப் பிறந்து, அங்கே வழியில்லாமல் இங்கிலாந்து போய், அந்நாட்டுக்காக விளையாடியவர். 1968இல் தென்னாபிரிக்கா செல்லும் இங்கிலாந்து அணியில் அவர் சேர்க்கப்பட்டபோது தென்னாபிரிக்கப் பிரதமர் ஏற்க மறுத்தார். சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. 1970இலிருந்து 1991 வரை தென்னாபிரிக்கா சர்வதேச கிரிக்கெட்டுக்கு வெளியே இருந்தது.

இந்த இடத்தில் எமது நாட்டின் பெயரும் வருகிறது. 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடியது. அணித்தலைவர் பந்துல வர்ணபுர. அதே ஆண்டின் இறுதியில் அவர் தலைமையில் ஓர் அணி, அரோசா ஸ்ரீலங்கா என்ற பெயரில், தடையை மீறித் தென்னாபிரிக்கா போனது. பெரிய தொகை பேசப்பட்டிருந்தது. திரும்பி வந்த வீரர்களுக்குக் கிரிக்கெட் சபை 25 ஆண்டுத் தடை விதித்தது. அவர்களில் சிலர் அருமையான ஆட்டக்காரர்கள். வறுமையும் எதிர்காலப் பயமும் அவர்களைத் தள்ளியிருக்கலாம். அவர்களைத் திட்டுவது எமது நோக்கம் அல்ல. ஆனால் அவர்களை வரவேற்ற அதே ஆட்சிதான் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் பாப்வா செவ்கோலத்தை வெறுங்கையோடு சாக விட்டிருந்தது. அந்தக் காசின் மறுபக்கத்தில் அவருடைய முகம் இருந்தது.

அவர் ஏன் வாங்கினார்?

இந்தக் கதையைச் சொன்னபோது எமது ஆசிரியர் அறையில் ஒரு சகோதரர் கேட்டார். "மானமுள்ள மனுசன் அந்தக் கிண்ணத்த அங்கேயே போட்டுட்டு வந்திருக்க வேணாமா?"

நல்ல கேள்வி. பல நாட்கள் யோசித்தோம். வீட்டில் உலை வைக்க வேண்டிய ஒரு மனிதர் அவர். விளையாட்டு அவருக்குத் தொழில். மறுத்திருந்தால் அடுத்த போட்டிக்கு அனுமதி கிடைத்திராது, 1965 வந்திராது. மறுக்காமல் விளையாடினார், அப்போதும் தடைதான் கிடைத்தது. அடக்கியவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியை அடக்கப்பட்டவரிடம் கேட்கும் பழக்கம் எமக்கு எல்லோருக்கும் உண்டு. "நீ ஏன் பொறுத்தாய்?" என்று கேட்பது சுலபம். "நீ ஏன் கதவை மூடினாய்?" என்று கேட்பதற்குத்தான் துணிவு வேண்டும்.

இனஒதுக்கல் ஆட்சி முடிந்து, 1994இல் எல்லோரும் வாக்களித்த முதலாவது தேர்தல் நடந்தது. அதன் பின்னர் தென்னாபிரிக்கக் குடியரசு பாப்வா செவ்கோலத்துக்கு, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, இக்கமங்கா என்ற தேசிய விருதை வழங்கியது. கலை, பண்பாடு, விளையாட்டுத் துறைகளில் சிறந்தோருக்கான விருது அது. டர்பனில் நகரசபையின் கோல்ஃப் மைதானம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எமது கணக்கு

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். வென்ற ஆளுக்குமா கதவு திறக்கவில்லை?

திறக்கவில்லை மகன். திறமை கதவைத் திறக்கும் என்று நாம் உங்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லி வருகிறோம். அது பாதி உண்மைதான். திறமை உங்களைக் கதவு வரைக்கும் கொண்டுபோகும். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து திறக்க வேண்டும். அவர்கள் திறக்காவிட்டால் டச்சு ஓபனை மூன்று முறை வென்றவரும் வெளியேதான் நிற்பார். அதனால் வெல்லப் பழகுவதோடு, உள்ளே இருக்கும் நாளில் எழுந்து போய்க் கதவு திறக்கவும் பழகுங்கள்.

இதைச் சொல்லும் தகுதி எமக்கு இருக்கிறதா என்று யோசித்தபோதுதான் ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கடமையாற்றிய ஒரு பாடசாலையில் பரிசளிப்பு விழா. நாம் வாயிற் கடமையில் நின்றோம். அழைப்பிதழ் இல்லாதவர்களை உள்ளே விட வேண்டாம் என்பது கட்டளை. கதிரைகள் போதாது, பிரமுகர்கள் வருகிறார்கள் என்பது காரணம். ஒரு தாய் வந்தார். கூலி வேலைக்குப் போய் வந்த கோலம், கையில் ஒரு பிள்ளை. "என்ட மகன் ஓட்டத்தில முதலாவது வந்தவன் சேர், பார்த்துட்டுப் போறன்" என்றார். அழைப்பிதழை மகன் எங்கோ தொலைத்துவிட்டான். நாம் உள்ளே விடவில்லை. கட்டளைதானே. அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று, மகன் மேடையேறுவதைப் பார்த்துவிட்டுப் போனார். மண்டபத்தின் பின்வரிசையில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்ததை விழா முடிந்து துப்புரவு செய்யும்போதுதான் கண்டோம்.

டர்பன் கழகத்தின் வாசலில் நின்றவருக்கும் ஒரு கட்டளை இருந்திருக்கும். அவரும் மாலையில் வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைகளோடு சாப்பிட்டிருப்பார், தான் தவறேதும் செய்யவில்லை என்ற நினைப்போடு. எமது தவறு அவர்களுடைய அநியாயத்தின் அளவு இல்லை. அங்கே சட்டம், இங்கே சோம்பேறித்தனம். ஆனால் வெளியே நின்றவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிந்திருக்காது.

அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பின்னர் தேடினோம். குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. இந்தப் பதிவு எப்படியாவது அவர் கண்ணில் பட்டால், தாயே, நாம் செய்தது பிழை.

இந்த வருடம் எமது பாடசாலைப் பரிசளிப்பு அடுத்த தவணையில். பரிசு பெறும் பிள்ளையின் தாய் தகப்பனுக்கு அழைப்பிதழ் கேட்கக் கூடாது, முன் இரண்டு வரிசை அவர்களுக்கே என்று ஆசிரியர் கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் சகோதரர்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். கூட்டத்தில் எமக்குத் துணை நில்லுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகம், விளையாட்டுக் கழகம், திருமண மண்டபம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் பொறுப்பு இருக்கும். உங்கள் வாசலில் யார் நனைகிறார்கள் என்று ஒரு முறை எழுந்து போய்ப் பாருங்கள். பார்த்ததைக் கீழே எழுதுங்கள். எமது மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.